குரங்குமலைக்குப் பேர் போட்டவள்

பதினாறு வருடம் நான் சரவஸ்தியாக இருந்தேன். வீட்டில் வைத்த பெயர் சரஸ்வதி. கம்பனியின் வரவுப் புத்தகத்தில் யாரோ கை தடுக்கி எழுதியதில் சரவஸ்தி ஆகிவிட்டேன். முதல் வருடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் வருடம் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போடவும் பழகிவிட்டேன். இரத்தினபுரி ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. மூன்று மொழியிலும் அடிப்பேன். அடுத்தவர் பெயரில் ஒரு கொம்பு, ஒரு கால் தவறவிட்டதில்லை. என் பெயர் எப்படிப் போனால் என்ன என்று இருந்துவிட்டேன்.

கம்பனியின் டேட்டாபேசைப் பார்க்க வேலைக்கு வந்தவள் அவள், வந்த மூன்றாம் நாளே அதைத் திருத்திவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொம்பியூட்டரில் மாற்றி, புத்தகத்தில் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தையும் போட்டு வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"உன்னைய யாரு கேட்டா? பதினாறு வருசமா எனக்கு வலிக்கல, உனக்கு எங்க வலிக்குது?"

"காலையில வரவுப் புத்தகத்துல பேர் வாசிக்கிறப்ப ஒங்க பேர்ல வாய் தடுக்குதுக்கா," என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டிபன் பெட்டியைத் திறந்து, ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. அவளே அதையும் சாப்பிட்டுவிட்டாள்.

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். பெயருக்காக ஊரோடெல்லாம் சண்டை பிடித்தவளின் பெயரை மறைப்பது எனக்கே பிடிக்கவில்லைதான். ஆனால் இப்போது கொழும்பில் வேறொரு இடத்தில் இதே டேட்டாபேஸ் வேலை பார்க்கிறாள். அங்கே இந்தக் கதை தெரியாது, என்னால் தெரியவும் வேண்டாம். வயது அப்போது முப்பது இருக்கும். ஒல்லி உடம்பு. ஆபீசுக்குள் றப்பர் செருப்போடுதான் நடப்பாள். சிங்களம் பேசினால் போனில் கேட்பவர்கள் எந்த ஊர்ச் சிங்கள நோனா என்று விசாரிப்பார்கள். தமிழ் பேசினால் தோட்டத்துப் பிள்ளை என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும், அதை மறைக்க அவள் கொஞ்சமும் மெனக்கெட்டதில்லை.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் வெறும் பெயர் இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பார். அதுதான் பெரட்டு. அன்றைக்கு வேலை செய்தவருக்குச் செக்ரோல் என்கிற வேலைப் பதிவில் பேர் விழும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளைக்கு மனமில்லை என்றால் பேரே இல்லை. நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும், பேர் விழாவிட்டால் அன்றைக்கு நீங்கள் வரவில்லை. நானும் ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவள்தான், எனக்கும் இது தெரியும். தெரிந்தும் நான் சரவஸ்தியாக இருந்தேன் பாருங்கள்.

"எங்கம்மாவுக்கு அரைப்பேர் போட்ட அன்னைக்கு எங்க காம்பராவுல யாரும் பேச மாட்டோம்," என்று ஒரு நாள் சொன்னாள். "திட்டுவாங்கன்னு இல்லக்கா. அன்னைக்கு அம்மா பாதி ஆளு மாதிரியே உக்காந்திருப்பாங்க."

அவளுடைய அறையில் ஒரு பழைய சர்வர் இருந்தது. தோட்டத்து விபரமெல்லாம் அதற்குள். காலை எட்டு மணிக்கு வந்ததும் சாமி கும்பிடுகிற பழக்கமெல்லாம் கிடையாது. திரையைத் திறந்து, அந்த டேட்டாபேசின் பைல் பெயர்களை ஒவ்வொன்றாக, சத்தமாக வாசிப்பாள். முதல் நான்கும் மெஷினின் சொந்தச் சமாச்சாரம். பிறகு ஸ்டோர்ஸ், பெக்டரி, மேல் டிவிசன், கீழ் டிவிசன். கடைசியாக, ஒன்பதாவது, குரங்குமலை.

"என்ன, பெரட்டு முடிஞ்சுதா?" என்று நான் கதவடியில் நின்று நக்கலடிப்பேன்.

"முடிஞ்சுது. எல்லாரும் ஆஜர். நீங்கதான் பத்து நிமிசம் லேட்டு."

குரங்குமலை என்ற பெயர் கம்பனியின் எந்தத் தாளிலும் இல்லை. கம்பனிக்கு அது நியூ டிவிசன். லயத்து ஆட்கள் மட்டும் அதைக் குரங்குமலை என்பார்கள். அங்கே லயத்துக் கொல்லையில் விளைகிறதில் பாதியைக் குரங்கு தின்றுவிட்டுப் போகும், அதனால். அவளுக்கு முந்தி அந்த வேலையில் இருந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். அந்த டிவிசனுக்குத் தனியாக ஒரு பைல் உண்டாக்கும்போது, அங்கிருந்து வந்த யாரிடமோ ஊர்ப் பெயரைக் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்னதை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே வைத்துவிட்டார். முதல் நாள் அதைப் பார்த்து அவள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ஒரே ஒரு ஆளு நம்மகிட்ட கேட்டு எழுதியிருக்காருக்கா," என்றாள்.

இப்படிப்பட்டவளோடு ஓர் ஆபீசில் இருப்பது லேசான காரியம் இல்லை. கன்டீன் சுவரில் தேத்தண்ணி லிஸ்ட் ஒன்று ஒட்டியிருக்கும். ஸ்டாப் பெயர்கள் மட்டும்தான் அதில். கூட்டிக் கழுவுகிற இரண்டு பெண்களும் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்து குடிப்பார்கள். அவள் அந்த இரண்டு பெயரையும் பேனாவால் கீழே எழுதினாள். பெரிய கிளார்க் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டினார். திரும்ப எழுதினாள். திரும்பக் கிழித்தார். இந்தக் கூத்து ஒரு மாதம் நடந்தது. கடைசியில் பியோன் சலித்துப்போய், "ஐயோ, ரெண்டு கோப்பதானே, நான் ஊத்துறேன், ரெண்டு பேரும் என்னைய விடுங்க," என்றான். அந்தப் பெண்களுக்கு அதில் பெரிய சந்தோசமும் இல்லை. "எங்கள வச்சு என்னத்துக்கும்மா வம்பு?" என்று அவளிடமே முறைத்துக்கொண்டார்கள். அவள் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் மகளின் கல்யாணத்துக்கு அழைப்புக் கொடுக்க ஒரு லிஸ்ட் எழுதி மேசையில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தாள். யார் கொடுத்த உரிமையோ!

"ஒங்க சொந்த அக்கா பேரு எங்க?"

எனக்கும் என் அக்காவுக்கும் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. லயத்தில் சமையலுக்கு ஒரு குசினி இறக்குவதில் வந்த சண்டை. "அது என் வீட்டு விசயம். உன் வேலையப் பாரு," என்றேன்.

"லிஸ்ட்ல எழுதலேன்னா அக்கா இல்லாமப் போயிருவாங்களா?"

நன்றாகத் திட்டினேன். ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவைக் கூப்பிடவும் இல்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குள் குத்திக்கொண்டுதான் இருக்கிறது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இனி அந்த ஐப்பசி மாதத்து விசயத்துக்கு வருகிறேன். குரங்குமலையில் றப்பர் பால்வெட்டு நின்று சில வருடம் ஆகியிருந்தது. பழைய றப்பர் மரங்களை வெட்டி விற்றாகிவிட்டது. அந்த இடத்தை ஹோட்டல் கட்ட ஒரு பணக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுக்கக் கம்பனி பேசிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே அறுபது லயக் காம்பராக்கள் இருந்தன, அவற்றில் ஆட்களும் இருந்தார்கள். அரசாங்கத்தின் பிரதேச செயலகம் கம்பனிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அங்கே பரம்பரையாகக் குடியிருப்பவர்களின் பதிவை அனுப்புங்கள், பதிவில் உள்ள குடும்பங்களுக்கு வேறு இடத்தில் காணி கொடுத்த பிறகுதான் குத்தகை, பதிவில் இல்லாதவர்கள் பிறகு வந்து புகுந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று இருந்தது. வந்து புகுந்தவர்கள் என்றால் பொலிஸ் வந்து தூக்கி வெளியே போடலாம்.

பழைய செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்று வருடக்கணக்காகிவிட்டது. எந்தக் காம்பராவில் யார், எந்த வருடத்திலிருந்து, பிள்ளைகள் யார் யார் என்ற விபரம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அவள் தினம் கடைசியாக வாசிக்கிற அந்த ஒன்பதாவது பைலில்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் மேனேஜர் இழுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தமிழர்தான், நம்மாள்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கதையைக் கேட்பவர்கள் உடனே வேறு விதமாக நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள். அதெல்லாம் இல்லை. நல்ல குணம், கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பார், மேலிடம் சொன்னால் மட்டும் எதையும் செய்வார்.

ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்கே வானம் இருட்டிவிட்டது. இரத்தினபுரி இடியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. சர்வருக்குப் பின்னால் இருந்த யூபிஎஸ் பேட்டரி செத்து நான்கு மாதம். முதல் இடி கேட்டதுமே அவள் கத்தினாள்: "எல்லாரும் வெளிய வாங்க, மூடப்போறேன்!" எல்லோரையும் டேட்டாபேசிலிருந்து வெளியேற்றி, அதை முறைப்படி மூடினாள். மெஷினை நிறுத்தப் போன நேரத்தில் விழுந்தது பாருங்கள் ஒன்று. ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடியது. வயர் தீய்ந்த நாற்றம் என் மேசை வரை வந்தது.

சர்வரில் இரண்டு டிஸ்க். பெரிய டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்பது பைலும் அதில் முழுசாக இருந்தன. சின்ன டிஸ்க் செத்துவிட்டது. அந்தச் சின்ன டிஸ்கில் இருந்தது கொன்ட்ரோல் பைல். அளவில் துக்குணியூண்டுதான். ஆனால் டேட்டாபேஸ் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்க்கும். என்னென்ன பைல் தன்னுடையது, எது எங்கே இருக்கிறது, எதுவரை எழுதி முடிந்தது என்று அதில்தான் குறித்திருக்கும். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் நலமாக இருந்தும் டேட்டாபேஸ் திறக்காது. அதற்கு மூன்று நகலை மூன்று இடத்தில் வைக்கவேண்டுமாம். எங்கள் கம்பனியில் மூன்றும் ஒரே டிஸ்கில். அவள் எடுத்துவைத்த காப்பும் அதே டிஸ்கில்தான். இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று அவள் கொடுத்த இரண்டு கடிதத்தையும் நானே அடித்திருக்கிறேன். பதில் வரவில்லை.

"எல்லாம் போச்சா?" என்று கேட்டேன்.

"ஒன்னும் போகல. ஆளெல்லாம் பெரட்டுக்களத்துல வந்து நிக்கிறாங்கக்கா. புத்தகந்தான் எரிஞ்சிருச்சு. புத்தகம் இல்லாம கணக்கப்புள்ள யாரையும் உள்ள விடமாட்டேங்குறாரு."

"அப்ப புதுசா ஒரு புத்தகம் எழுதேன்."

"அதத்தான் செய்யணும். எல்லா பேரையும் நம்மளே எழுதிக் குடுத்தா புது கொன்ட்ரோல் பைல் உண்டாகும். ஆனா எழுதுறப்ப ஒருத்தரையும் விட்றக்கூடாது. விட்டுட்டுத் தொறந்தோம்னா, விட்டுப்போனவங்க அதுக்கப்புறம் உள்ள வரவே முடியாது. பைல் டிஸ்கில சும்மா கெடக்கும். யாருக்கும் சொந்தமில்ல."

செத்த டிஸ்குக்குப் பதிலாக ஸ்டோர்சில் கிடந்த ஒன்றை மாட்டினாள். கொழும்பில் தலைமை ஆபீசில் இந்த வேலைக்கென்று ஒரு நிபுணர் இருந்தார். போனில் அவரைப் பிடித்தோம். சர்வர் முதலில் வந்தபோது எடுத்த பழைய லிஸ்ட் ஒன்று அவரிடம் இருந்தது. அதை அனுப்பி, இதில் இருக்கிறபடி அப்படியே அடி என்றார். லிஸ்டில் எட்டுப் பெயர். அந்தப் பெரியவர் குரங்குமலை பைலை உண்டாக்கியது அதற்குப் பிறகு.

"சேர், டிஸ்கில ஒன்பது இருக்கு," என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். ஒன்பதாவதின் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது ஏதோ வைரஸ் போலிருக்கிறதே, அழித்துவிடு என்றார்.

"வைரஸ் இல்ல சேர். ஊரு."

நிபுணர் சிரித்தார். பிறகு, லிஸ்டில் இல்லாததைச் சேர்த்து டேட்டாபேஸ் திறக்காமல் போனால் பொறுப்பு உன்னுடையது என்றார். அவள் விடவில்லை. ஒன்பதும் ஒரே நேரத்தில்தான் மூடப்பட்டது, ஒவ்வொரு பைலின் தலைப்பிலும் எந்த டேட்டாபேசைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறது, நம்முடையது இல்லை என்றால் மெஷினே வேண்டாம் என்று சொல்லும், பிறகு என்ன பயம் என்று கேட்டாள். அவர் லிஸ்டில் எட்டு என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

இதெல்லாம் மேனேஜர் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ஒன்பதாவது என்ன மிஸ்?" என்றார். சொன்னாள். காலையிலிருந்து சுருங்கிக் கிடந்த அந்த மனுசனின் முகம் விரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"அப்படின்னா பிரச்சினை இல்லையே. விட்டுருங்க. எட்டுன்னா எட்டு."

"அறுபது வீட்டு ஆளுங்க அதுக்குள்ள இருக்காங்க சேர்."

"அந்த டிவிசனே இனி நமக்கில்ல மிஸ். நான் சொல்றேன்ல? எட்டை மட்டும் போடுங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வாங்க, ஒரு லெட்டர் இருக்கு," என்றார்.

பிரதேச செயலகத்துக்குத்தான் லெட்டர். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'இன்று ஏற்பட்ட மின்னல் தாக்கத்தினால் நியூ டிவிசன் குடியிருப்பாளர் தொடர்பான பதிவுகள் யாவும் முற்றாக அழிவடைந்துவிட்டன என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன்.' மனவருத்தமாம்! சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பதிவு உயிரோடு இருக்கிறது, இந்தப் பக்கம் நான் அதற்கு மரண அறிவித்தல் அடித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன்னால் நான் பொய்க் கடிதம் அடித்ததில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். நிறைய அடித்திருக்கிறேன். அடிப்பது மட்டும்தான் என் வேலை என்று இருந்திருக்கிறேன். ஆனால் 'யாவும்' என்ற சொல்லில் என் விரல் நின்றுவிட்டது. கீழே பஸ் ஸ்டாண்டில் நான் அன்றாடம் பார்க்கிற முகங்கள் அந்த 'யாவும்'தான்.

கையெழுத்து வாங்கப் போகாமல், தாளை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

அவள் திரைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டுப் பெயர் அடித்திருந்தாள். ஒன்பதாவது வரி வெறுமையாக இருந்தது. ஊரோடெல்லாம் சண்டை பிடிக்கிறவள் தயங்கி நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னடி?"

"எங்கம்மா இன்னும் கம்பனி லயத்துலதானே இருக்காங்கக்கா," என்றாள். "கீழ் டிவிசன்ல. என் வேலை போனாப் பரவால்ல. நாளைக்கு அம்மாகிட்ட போயி காம்பராவ விட்டு எறங்குன்னு சொன்னா? முட்டு வலிக்காரி, எங்க போவாங்க?"

பயப்படாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கையில் இருந்த கடிதத்தை அவள் மேசையில் வைத்தேன். படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"முற்றாக அழிவடைந்துவிட்டன," என்று வாய்விட்டு வாசித்தாள். "இன்னும் அழியலியேக்கா. நான் எழுதலேன்னாத்தான் அழியும். அப்ப மின்னல் நாந்தானா?"

"அதான் உன்கிட்ட கொண்டுவந்தேன்," என்றேன்.

"அரைப்பேர் போட நான் இங்க வரல," என்றாள். திரையைப் பார்த்துத்தான் சொன்னாள், எனக்கில்லை. ஒன்பதாவது வரியை அடித்தாள். ஓர் எழுத்துத் தப்பியது, அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள். பிறகு பெரட்டு வாசிப்பதுபோல் ஒன்பது பெயரையும் சத்தமாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் திரையில் விரலை வைத்தாள். கதவு திறந்திருந்தது. பெரிய கிளார்க்கிலிருந்து பியோன் வரை எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் வாசித்தாள்.

என்டர் தட்டினாள். மெஷின் யோசித்தது. கொன்ட்ரோல் பைல் உண்டாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. இன்னும் சில கட்டளைகள் அடித்தாள். திறக்கவா என்பதுபோல் அது நின்றது, திற என்று கொடுத்தாள். ஒரு நிமிடம் இருக்கும். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டேன். டேட்டாபேஸ் திறந்தது. நிபுணர் பயங்காட்டிய எதுவும் நடக்கவில்லை. உள்ளே போய்க் குரங்குமலையைக் கேட்டாள். முதல் காம்பராவிலிருந்து வரிசையாக வந்து நின்றார்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், பிள்ளைகள் பெயர். அடேங்கப்பா, நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. பிரின்டரைப் போட்டாள்.

எங்கள் பிரின்டர் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தும். மேனேஜர் ஓடிவந்தார்.

"என்ன பிரின்ட் பண்றீங்க?"

"குரங்குமலை, சேர்."

"நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட?"

"எட்டுன்னு சொன்னீங்க. ஒன்பது இருந்துச்சு."

மூன்று நகல் எடுத்தாள். ஒன்றை அவர் மேசையில் வைத்தாள். இரண்டைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சேலைக்குள் செருகிக்கொண்டு, அந்த மழையில், றப்பர் செருப்போடு நடந்தே பிரதேச செயலகத்துக்குப் போனாள். மூடுவதற்கு முன்னால் ஒரு நகலைக் கொடுத்து, சீல் வாங்கிக்கொண்டாள். மற்றதைக் கொண்டுபோய்க் குரங்குமலையில் கொடுத்தாள். அங்கே மலையடியில் ஒருவர், "எங்க பேரெல்லாம் ஆபீசில இருக்குதாம்மா?" என்று கேட்டாராம். இதை மட்டும் அடுத்த நாள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இதற்கிடையில் மேனேஜர் என்னிடம் கடிதத்தைக் கேட்டார். "பதிவு அழியலியே சேர், அந்த லெட்டர் எதுக்கு?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். அவர் என்னை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த ஆளை நான் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிரதேச செயலகம் அந்த லிஸ்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கம்பனியைக் கேட்டது. இல்லை என்று சொல்ல இடமில்லை. நீண்ட இழுபறிக்குப் பிறகு குடும்பத்துக்கு ஏழு பேர்ச், ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவு, காணி வந்தது. எல்லோருக்கும் வரவில்லை, நான்கு குடும்பம் இன்னும் அலைகிறது. ஹோட்டல் இன்னும் வரவில்லை, மதில் மட்டும் நிற்கிறது. அவள் அம்மாவைக் காம்பராவை விட்டு இறக்க யாரும் துணியவில்லை. அவளை மட்டும் அடுத்த திங்கட்கிழமையே வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத பைலைச் சேர்த்தது குற்றமாம்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வயதானவர், மரியாதையான சிங்கள மனுசர், அவளுக்கு முதலில் உட்காரக் கதிரை காட்டினார். அவர்கள் பேசுவதை அடிக்க என்னை மூலையில் உட்கார்த்தியிருந்தார்கள். மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சிங்களத்தில் நடந்தது.

பட்டியலில் எட்டு என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டது. ஒன்பதாவதைச் சேர்க்கவேண்டாம் என்று சொன்னார்களா? சொன்னார்கள். அப்படியிருந்தும் ஏன் சேர்த்தீர்கள்?

அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள். "இன்னவா, சேர்."

இருக்கிறது என்பதற்குச் சிங்களத்தில் இரண்டு சொல். மேசை இருக்கிறது, பைல் இருக்கிறது என்றால் தியெனவா. ஆட்கள் இருக்கிறார்கள் என்றால்தான் இன்னவா. சிங்களம் சரியாக வராத நம்மவர்கள் இதை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவது உண்டு.

அதிகாரிக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது போலும். பேனாவைக் கீழே வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகத் திருத்தினார். "தியெனவா, மிஸ். பைலுக்குத் தியெனவா என்றுதான் சொல்லவேண்டும்."

"தெரியும் சேர்," என்று அவள் பிறவிச் சிங்களவர்களே தோற்றுப்போகிற சிங்களத்தில் சொன்னாள். "இன்னவா."

அதிகாரி பேனாவை மறுபடியும் கையில் எடுத்தார். பிறகு, எது சரியோ அதைப் பார்த்து அடியுங்கள் என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

இன்னவா என்று அடித்தேன்.